நாற்பத்தொண்ணாம் டோக்கன் வாங்கின போன் கவர்

உங்க செல்போன் கடைக்காரர் சங்கத் தலைவர் இப்பத்தான் மைக்ல வருத்தப்பட்டாரு. "எங்களை யாருங்க மதிக்கிறா? டிஸ்பிளே உடைஞ்சாத்தான் எங்க ஞாபகமே வருது"ன்னு. ஐயா... கொஞ்சம் பொறுங்க. ஒரு குட்டிக் கதை கைவசம் இருக்கு. டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்.

ஏரல் பக்கம் ஒரு ஊர். பஸ் ஸ்டாண்டு ஓரமா ஒரு வேன் நிக்குது. பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம். உள்ள ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ். நர்ஸ் பேரு எஸ்தர் ராணி. அவங்க சொல்லித்தான் எனக்கே இந்தக் கதை தெரியும்.

நம்ம பொம்பளைங்க இந்த மாதிரி முகாமுக்கு லேசுல வருவாங்களா? வர மாட்டாங்க. ஏன்? "யாராவது பார்த்துட்டா?" அந்த பயம்தான். அதனால சிஸ்டர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை, டோக்கன் நம்பர்தான். ஜன்னலுக்கெல்லாம் திரை. வேன் டிரைவரைக்கூட டீக்கடைக்குத் துரத்தி விட்டாச்சு. அவ்வளவு கட்டுக்காவல்!

டோக்கன் நாற்பத்தொண்ணு... பேரு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரு அம்மா. ஒன்பது நாள்ல மகளுக்குப் பூ வைக்க வர்றாங்க. மாப்பிள்ளை வீடு அடுத்த தெரு. அந்த அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி. ஆறு மாசமா வாயைத் திறக்கலை. "சிஸ்டர்... இது வெளியில தெரிஞ்சா சம்பந்தமே நின்னுடும் சிஸ்டர்."

"தெரியாதும்மா. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு! சொல்லிட்டாங்க. இந்த அம்மாவோட பேரு, போன் நம்பர், ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. அங்கிருந்து பிரிண்டருக்குப் போகணும். எது வழியா? உள்ளங்கை அளவுல ஒரு வைஃபை பொட்டி. சிக்னலுக்காக ஜன்னல்ல தொங்குது. ஒரு பட்டனை அமுக்கினா வேலை முடிஞ்சது. டாக்டரம்மா கையைக் கொண்டு போறாங்க...

"அக்கா... அக்கா..."

வெளியில ஆம்பளைக் குரல்! எதிர்த்தாப்புல செல்போன் கடை வச்சிருக்கிற மைதீன்பிச்சை. சிஸ்டர் திரையை விலக்கிட்டு வந்தாங்க பாருங்க...

"யாருய்யா நீ? லேடீஸ் கேம்ப்புன்னு எழுதியிருக்குல்ல?"

"நான் உள்ள வரலைக்கா. உங்க வைஃபை பத்தி ஒண்ணு சொல்லணும்."

"எங்க வைஃபை உனக்கு எதுக்கு? ஓசியில படம் பார்க்கவா?"

மனுஷனுக்கு முகம் சுண்டிப் போச்சு. நானா இருந்தா "எக்கேடோ கெட்டுப் போங்க"ன்னு திரும்பியிருப்பேன். நீங்க? உண்மையைச் சொல்லுங்க! அவர் போகலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்றாரு.

"ரிப்பேர் பார்த்த போன்ல வைஃபை பிடிக்குதான்னு பார்த்தேங்க்கா. லிஸ்ட்ல உங்க முகாம் பேரு வந்துச்சு. பக்கத்துலயே 'பாதுகாப்பு குறைவு'ன்னு காட்டுது. நான் உள்ள போய்ப் பார்க்கலை, அல்லா மேல சத்தியம். ஆனா அது ரொம்பப் பழைய ரகப் பூட்டு. விவரம் தெரிஞ்ச பய எவனாவது பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்தே திறந்துருவான். நீங்க அனுப்புறதை எல்லாம் அவன் படிக்கலாம்."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "டாக்டரம்மா, பிரிண்ட் போடாதீங்க!"

எதுக்குப் பழைய பூட்டு? கேளுங்க கூத்தை. அவங்க பிரிண்டர் ஆதிகாலத்துப் பிரிண்டர். புதுப் பூட்டு போட்டா அது வைஃபைல சேராது. அதனால பிரிண்டருக்காகப் பூட்டையே இறக்கி வச்சிருக்காங்க!

"பிரிண்டரோட ஒரு வயர் வந்திருக்குமேக்கா? அதை மாட்டிட்டா பிரிண்டருக்கு வைஃபையே வேண்டாம்."

அட்டைப்பெட்டியைத் திறந்தா... பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம வயர் சமர்த்தா படுத்திருக்கு!

"பூட்டை மாத்தும்போது பாஸ்வேர்டையும் மாத்திருங்கக்கா. என்னன்னு என்கிட்ட சொல்லாதீங்க. ஊருக்கே தெரிஞ்ச நம்பரா மட்டும் இருக்கக் கூடாது."

சிஸ்டர் மெதுவா... நிமிர்ந்து பார்க்கிறாங்க. வேன் மேல பேனர். 'முன்பதிவுக்கு அழைக்கவும்'னு கொட்டை எழுத்துல ஒரு போன் நம்பர். அதேதான் பாஸ்வேர்டு! ஊருக்கு ஊர் புதுசா உதவிக்கு வர்றவங்க மறந்துடக் கூடாதாம்!

சிரிங்க, சிரிங்க. உங்க வீட்டு பாஸ்வேர்டு பிள்ளை பேரும் பிறந்த வருஷமும்தானே? அங்க ஒருத்தர் தலையைக் குனியுறாரு பாருங்க.

வயரை மாட்டி, புதுப் பூட்டு போட்டு, அப்புறம்தான் அந்த அம்மாவோட ரிப்போர்ட் வெளியில வந்துச்சு. முன்னாடி போன நாற்பது பேரோடது? எவனாவது படிச்சானா, படிக்கலையா, தெரியாது. இப்பெல்லாம் எந்த ஊர் முகாமுக்குப் போனாலும் முதல்ல அந்தப் பூட்டைத்தான் பார்க்கிறேன்னு சிஸ்டர் சொன்னாங்க. அன்னைக்கு இருந்த பதட்டத்துல மைதீன்பிச்சைக்கு ஒரு நன்றி சொல்லக்கூட மறந்துட்டாங்க. அவர் பாட்டுக்குக் கடைக்குப் போயிட்டாரு.

ஆனா திரைக்குப் பின்னால ஒருத்தர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களே! அந்த அம்மா இறங்கி, ரோட்டைத் தாண்டி, நேரா அந்தக் கடைக்குப் போனாங்க.

"தம்பி... ஒரு போன் கவர் குடுங்க."

"எந்த மாடலுக்குக்கா?"

கையில இருக்கறது பட்டன் போன். அதுக்கு எங்க கவர்?

"ஏதாவது ஒண்ணு... குடுங்க தம்பி." கண்ணு நிறைஞ்சு நிக்குது.

மைதீன்பிச்சை அவங்க முகத்தை நிமிர்ந்து பார்க்கலை. எங்கிருந்து வர்றீங்கன்னு கேட்கலை. இருக்கறதுலயே அழகா ஒரு நீலக் கவரை எடுத்து, காகிதத்துல சுத்திக் கொடுத்தாரு.

"நல்லா இருங்க தம்பி." அவ்வளவுதான். போயிட்டாங்க.

அந்தக் கட்டியைக் காலத்துல எடுத்தாச்சு. மகளுக்குப் போன மாசம் வளைகாப்பாம்.

அன்பானவங்களே, நம்ம பூட்டு சரியில்லைன்னு ஒருத்தன் வாசல்ல வந்து சொன்னா, நமக்கு முதல்ல கோபம்தான் வருது. "உனக்கு எதுக்கு?"ன்னு கேட்கிறோம். அவன் திட்டு வாங்கிக்கிட்டும் நின்னானே... அவனுக்கு ஒரு கும்பிடு போடுங்க. நான் இப்ப போடுறேன், உங்க எல்லாருக்கும் சேர்த்து.

தலைவரே, உங்களை யாரு மதிக்கிறான்னு கேட்டீங்க. உங்களால தப்பிச்சவங்க வெளியில சொல்ல முடியாது. சொன்னா அவங்க ரகசியம் போயிடும். அதனால, தேவையே இல்லாத ஒரு கவரைக் கேட்டு யாராவது உங்க கடையில வந்து நின்னா... தயவுசெஞ்சு மாடல் கேட்காதீங்க. எடுத்துக் கொடுங்க.