அணைஞ்ச மஞ்ச வெளக்கு

...புகைச் சோதனைக்கு இது மூணாவது தடவண்ணே! அதே வண்டி, அதே கடை, அதே பெஞ்சு. நீங்க உக்காருங்க... அந்த ஓரத்துல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு, பாத்து.

உங்களுது அந்தச் சின்ன வெள்ளக் காரா? அஞ்சு நிமிஷ வேலை. என்னுது உள்ள நிக்குதே, பச்சை பிக்கப், தொண்ணூத்தெட்டு மாடல். கடைக்காரன் கராபெத் இப்பதான் அதுல சோதனை வயரை மாட்டிக்கிட்டிருக்கான். கலிபோர்னியாவுல புகை சர்டிபிகேட் இல்லாம ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க மாட்டான். ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம ட்ரெய்லரை இழுத்துட்டுப் போனா போலீஸ்காரன் சும்மா விடுவானா? நாளன்னைக்கி வியாழக்கெழம. அதுக்குள்ள நாப்பது தேனீப் பெட்டி மலையடிவாரத்துலேர்ந்து டுலேரி பாதாம் தோப்புக்குப் போயாகணும். மொட்டு வெடிக்க ஆரம்பிச்சாச்சு. பாதாம் பூ எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? தேனீ வந்து உக்காந்தாதான் காய் புடிக்கும்; நான் வரலன்னா தோப்புக்காரரு வேற ஆளோட பெட்டிய வாடகைக்கு எடுத்துக்குவாரு. வருஷத்துக்கு இந்த ஒரு வேலைதாண்ணே எனக்குச் சோறு.

கோளாறா? பெட்ரோல் ஆவி கசியுதாம். ஆவி! கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். அதச் சொல்ல ஸ்டீயரிங் முன்னாடி ஒரு மஞ்ச வெளக்கு எரியுது. குழாய மாத்துனேன். எரியுது. ஆவிய உறிஞ்சி வைக்கிற கரி டப்பாவ மாத்துனேன். எரியுது. வால்வ மாத்துனேன். எரியுது. எம் பொண்டாட்டி ஒடேலியா, "டேங்க் மூடியப் பாத்தியா?"ன்னா. "வண்டியப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்?"னேன்.

மூடியா? அது... பழைய டிராக்டரோடது. வண்டியோட மூடிய பங்க்குல கூரை மேல வச்சிட்டு, மறந்து ஓட்டிட்டேன். யாருக்குத்தான் நடக்கல? டிராக்டர் மூடியும் கிட்டத்தட்ட சரியாத்தான் உக்காந்துச்சு. துணி வேற சுத்திருந்தேன்.

அந்த வெளக்கு கண்ண உறுத்துச்சுண்ணே. பேட்டரி வயரக் கழட்டி மாட்டுனா அணைஞ்சிரும். தெனம் காலைல பல்லு வெளக்கற மாதிரி அதையும் செஞ்சேன். கராபெத் என்ன சொன்னான்? "அமரோ, வயரக் கழட்டுனா வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துரும். ஒரு வாரம் ஓட்டு, அது தன்னத்தானே சோதிச்சு முடிச்சாத்தான் நான் சர்டிபிகேட் குடுக்க முடியும். பேட்டரில கை வச்ச, கொன்னுருவேன்!"

ஓட்டுனேனே! ஒரு வாரம். சனிக்கெழம வெளக்கு தானா அணைஞ்சிருச்சு. நான் மாத்துன வால்வுதான் வேலை செய்யுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் பெட்ரோல் போடப் போனா... புது மூடி. ஒடேலியா எங்கிட்ட சொல்லாமலே வாங்கிப் போட்டிருக்கா.

இந்தா வர்றான் கராபெத். என்னடா, தலைய அப்படி ஆட்டற? காலியா? கம்ப்யூட்டர் காலியா? நானா? பேட்டரியத் தொடவே இல்லயே...

...சரி, தொட்டேன். இன்னைக்கிக் காலைல. கத்தாதடா! வெளக்கு எரியல, எனக்கும் தெரியும். சோதனைக்குப் போறோமே, உள்ள பழைய குப்பை எதுனா இருந்து காட்டிக் குடுத்துருமோன்னு... சுத்தமா இருக்கட்டுமேன்னு ஒரே ஒரு தடவ.

மறுபடியும் ஒரு வாரமா? பூ கொட்டிருமேடா.

அண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? உங்க கார் இன்னும் உள்ளயே போகல. ஒரு உதவி, உங்க போனக் கொஞ்சம் குடுங்க. எம் மச்சினன் சில்வினோகிட்ட லாரி இருக்கு. அஞ்சு வருஷமாப் பேச்சு இல்ல... என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான்.