இரண்டாவது நாற்காலி

தண்ணீர் போதும் சார், டீ வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். பதினாறு வருஷமாக நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டதில் வந்தது.

என் வேலை என்னவென்று உங்கள் ஆட்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். டிவியில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விவாதம் நடக்கிறதே, அதில் பேசுகிறவன் நான் இல்லை. பேசுகிறவர்களைப் பிடித்து வருகிறவன். ஒரு விஷயம், இரண்டு நாற்காலி. சரி என்று சொல்ல ஒருவர், தப்பு என்று சொல்ல ஒருவர். மரண தண்டனையோ கருக்கலைப்போ, எதுவாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் மறுபக்கத்துக்கு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவேன். எனக்கென்று ஒரு கருத்து கிடையாது. வீட்டில் ஜன்னல் திரைக்கு எந்த நிறம் என்று கேட்டால்கூட இரண்டு நிறத்துக்கும் நியாயம் சொல்வேன். அதற்காகவே என் மனைவி எனக்குத் தராசு என்று பெயர் வைத்திருக்கிறாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைய விஷயம், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் போலீஸ் வரலாமா என்பது. வரலாம் என்று பேச ஒரு தையல்காரப் பெண் கிடைத்தாள். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்து, ஊரின் இன்னொரு மூலையில் வாடகை அறை பிடித்துத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சம்மதிக்க வைக்க ஒன்பது தடவை போன் செய்தேன். முகத்தைக் காட்டக் கூடாது, அவள் தங்கியிருக்கும் இடம் புருஷனுக்குத் தெரியக் கூடாது, இந்த இரண்டும்தான் கேட்டாள். சரிம்மா என்றேன். முகத்தை மறைக்க ஒரு கறுப்புத் துணியை நானே தேடி எடுத்து வைத்தேன்.

வரக் கூடாது என்று பேச ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி ஒத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் போன் செய்து, பேரனுக்கு ஜுரம் என்று கைவிரித்துவிட்டார். இன்னும் நாலு பேரைக் கேட்டேன், ஒருவரும் சிக்கவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அது விவாதம் இல்லை சார், வெறும் புலம்பல். பார்க்கிறவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். நியாயமும் இல்லை. ஒரு மனுஷனைப் பற்றி அரை மணி நேரம் குறை சொல்லப் போகிறாள். அவர் தரப்பைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அவள் எனக்குக் காட்டிய புகார் நகலில் புருஷனுடைய நம்பர் இருந்தது. லாரி ஓட்டுகிறவர். மரியாதையாகத்தான் பேசினார். அவள் வருகிறாளா என்று மட்டும் கேட்டார். வருகிறாள் என்றேன். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

அடுத்து அந்த அறை. ஸ்டுடியோவுக்கு முன்னால் இருக்கிற காத்திருக்கும் அறை. சோபா, ஒரு கண்ணாடி, தண்ணீர் பாட்டில்கள். ஜன்னல் கிடையாது. எதிரும் புதிருமான ஆட்களைத் தனித்தனியாக வைப்பதுதான் வழக்கம். நான் சேர்த்து வைப்பேன். உள்ளே கால் மணி நேரம் முட்டிக்கொண்டார்கள் என்றால், கேமரா முன்னால் வரும்போது நன்றாகச் சூடேறியிருப்பார்கள். யாரும் வாயைக் கிளற வேண்டியிருக்காது. எங்கள் ஆட்கள் அந்த அறையை அடுப்பு என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் கோபித்துக்கொண்டு, நிகழ்ச்சிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது எழுந்து போய்விட்டார். அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாளே உள்பக்கத்தில் கதவைத் திறக்கிற பட்டனைக் கழற்றச் சொன்னேன். அதன் பிறகு வெளியிலிருந்து என் கார்டைக் காட்டினால்தான் திறக்கும். எலக்ட்ரீஷியன் நான் சொன்னதைச் செய்தார், அவரை விட்டுவிடுங்கள்.

ஐந்து நாற்பதுக்கு அவளை உள்ளே உட்கார வைத்து மைக் மாட்டினார்கள். ஐந்து நாற்பத்தைந்துக்கு அவரைக் கூட்டிவந்து உள்ளே விட்டேன். அவள் முகம் வெளிறிப்போனது. கத்தவெல்லாம் இல்லை. "என்ன சார் இது" என்றாள். "பத்து நிமிஷம்தாம்மா, பேசிட்டிருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

முதல் நாள் விசாரணையில் உங்களிடம், நான் மாடியில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அவள் மைக் ஆனில் இருந்தது, என் காதில் ஹெட்போன் இருந்தது. கதவுக்கு வெளியேதான் நின்றேன். கார்டு கையில் இருந்தது.

முதலில் அவர் தணிந்த குரலில் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றாள். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டு தடவையும் மாட்டேன் என்றாள். பிறகு என்னவோ கீழே விழுந்தது. அப்போதுதான் சொன்னாள்: "இப்ப போலீஸ் வந்தா நான் வெளிய போவேன், வரலைன்னா செத்துப்போவேன். இதுல விவாதம் பண்ண என்ன இருக்கு?"

நல்ல வாக்கியம் சார். பெரிய பெரிய வக்கீல்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதை முதல் கேள்வியாக வைக்கச் சொல்லி, நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு அனுப்பினேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு என் போனிலிருந்து போன மெசேஜ் அதுதான்.

அதற்குப் பிறகு கதவைத் தட்டினாள். உள்ளங்கையால், விட்டு விட்டு. "சார், நீங்க அங்கதான் நிக்கிறீங்கன்னு தெரியும்" என்றாள். கதவுக்கு அடியில் என் செருப்பு தெரிந்திருக்கும். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தால் அவள் ஓடிவிடுவாள், ஆறு மணிக்கு நாற்காலி காலி. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. அந்த நடைவழியில் இப்படியும் போக முடியாமல் அப்படியும் போக முடியாமல் நின்றேன். அவள்தான் மாட்டிக்கொண்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டதை ஒருவரும் சொல்வதில்லை.

ஐந்து ஐம்பத்தாறுக்குத் தட்டுவது நின்றது. சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்ததாகச் சொல்லும்படி என் வக்கீல் சொல்லிக் கொடுத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. ஹெட்போனில் எல்லாம் கேட்டது. கழுத்தை நெரித்தது அந்தக் கறுப்புத் துணியால்தான் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் திறந்தேன், ஏனென்றால் தினமும் ஐந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் திறப்பேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவள் கதவருகே கிடந்ததால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக நிகழ்ச்சி ரத்தானது.

நேற்று என் மனைவி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உள்ள இருந்து நான் தட்டியிருந்தா திறந்திருப்பீங்களா?"

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

திரும்பிப் போய்விட்டாள். அது தெரியாமல் நான் எப்படி சார் சொல்ல முடியும்?