கரண்ட் வர்ற அத்தியாயம்

மாமனார்: நிறுத்து, நிறுத்து. இப்ப குதிரை மேல ஏறினது யாரு?

மருமகள்: அலெக்சாந்தர், மாமா.

மாமனார்: அவன்தான் செத்துட்டானே!

மருமகள்: எப்ப?

மாமனார்: ரெண்டு மாசம் முன்னாடி. இந்த உலக சரித்திரப் புத்தகத்துல நீதான் படிச்சே. முப்பத்திரெண்டு வயசு, காய்ச்சல்... எனக்கு அன்னிக்குச் சோறே இறங்கல.

மருமகள்: இது... வேற அலெக்சாந்தரா இருக்கும்.

மாமனார்: அதே குதிரை, அதே அப்பன், ஆளு மட்டும் வேறயா?

மருமகள்: ராஜாக்கள்னா அப்படித்தான் மாமா, ஒரே பேரைத் திரும்பத் திரும்ப...

மாமனார்: ஏம்மா, எனக்கு ஆபரேஷன் பண்ணினது கண்ணுல. மூளையில இல்ல.

மருமகள்: ஐயோ, நான் அப்படிச் சொல்லல...

மாமனார்: நேத்து ரயில் விட்டாங்க. நீ படிச்ச வேகத்துல எனக்கு இருமலே வந்துடுச்சு, அவ்வளவு கரிப்புகை. இன்னிக்கு ஒருத்தன் ஈட்டியைத் தூக்கிட்டு வர்றான். உலகம் பின்பக்கமா ஓடுதா?

மருமகள்: அடையாளத்துக்கு வச்சேன்ல, உங்க கண்ணுச் சொட்டு மருந்து அட்டை... அது நழுவிடுச்சு போல.

மாமனார்: நழுவினா ரெண்டு பக்கம் நழுவும். ரெண்டாயிரம் வருஷமா நழுவும்?

மருமகள்: காத்துல பக்கம் புரண்டிருக்கும்.

மாமனார்: போன வாரம் மங்கோலியர் வந்தாங்க. அதுக்கு முந்தின வாரமும் வந்தாங்க. சரி, எதையாவது மறந்து வச்சுட்டுப் போயிருப்பாங்க, எடுக்க வர்றாங்கன்னு நானும் விட்டுட்டேன்.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க மாமா. டீ போடட்டுமா?

மாமனார்: இப்பதான் குடிச்சோம். பேச்சை மாத்தாதே. இன்னிக்குக் கரண்ட் அத்தியாயம்னு சொன்னியா இல்லியா? நாப்பது வருஷம் வீடு வீடா வயர் இழுத்தவன்மா நான். அந்த ஒரு அத்தியாயத்துக்காக எத்தனை ராஜாவைப் பொறுத்துக்கிட்டேன்! ஒரு வீட்டுக்கு ஒழுங்கா வயரிங் பண்ண எனக்கு ஒரு வாரம் ஆகும். இவனுங்க ஒரே நாள்ல ஊரையே கொளுத்திட்டுப் போறானுங்க.

மருமகள்: அது கடைசி அத்தியாயத்துக்கு முந்தினது, மாமா.

மாமனார்: அதனால?

மருமகள்: அது முடிஞ்சா அப்புறம் பதினஞ்சு பக்கம்தான்.

மாமனார்: அதனால?

மருமகள்: நீங்கதானே உங்க பெரிய மகன்கிட்ட வாக்குக் குடுத்தீங்க... ‘கண்ணு தேறட்டும், இந்தப் புத்தகம் முடியட்டும், அன்னிக்கே உன் வீட்டுக்கு வந்துடுறேன்’னு.

மாமனார்: குடுத்தேன்.

மருமகள்: காலையில போன் பண்ணாரு. ‘முடிஞ்சுதா, நாலு மணிக்குக் கார் எடுத்துட்டு வரவா’ன்னு. நான்தான் இன்னும் நிறைய பாக்கின்னு சொல்லிட்டேன்... சொன்னதுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டுமேன்னு ஒரு நூறு பக்கம் பின்னாடி தள்ளினேன். அவசரத்துல கை கொஞ்சம் கூடப் போயிடுச்சு.

மாமனார்: கொஞ்சமா! கி.மு.வுக்கே போயிடுச்சு!

மருமகள்: கோபமா மாமா?

மாமனார்: மங்கோலியரும் உன் வேலைதானா?

மருமகள்: ம்.

மாமனார்: அந்த பிளேக்கு?

மருமகள்: அதை ஒரு தடவைதான் திருப்பிப் படிச்சேன். எனக்கே தாங்கல.

மாமனார்: அடிப்பாவி... ஏம்மா, பெரியவன் வீட்ல லிஃப்ட் இருக்கு. தனி ரூம் இருக்கு. இங்க மூணு மாடி ஏறி இறங்குறேன், ஹால்ல படுக்குறேன். நீயும் கால் சென்டர்ல எட்டு மணி நேரம் கத்திட்டு வந்து, எனக்கும் ஒரு மணி நேரம் கத்துறே. நான் போனா உன் தொண்டைக்காவது லீவு கிடைக்குமே?

மருமகள்: அங்க நான் பேசுறதை யாருமே முழுசாக் கேக்க மாட்டாங்க மாமா. ‘வணக்கம்’னு ஆரம்பிச்சாலே டொக்குன்னு வச்சுடுவாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை. வீட்டுக்கு வந்து ஏதாவது சொன்னா, உங்க சின்ன மகன் நல்லவர்தான்... ஆனா பாதியில குறட்டை வந்துடும். நீங்க ஒருத்தர்தான் ‘அப்புறம்?’னு கேக்குறீங்க.

மாமனார்: அப்புறம்?

மருமகள்: அந்த ‘அப்புறம்?’ போயிட்டா இந்த வீட்ல எனக்கு... விடுங்க. சும்மா சொன்னேன்.

மாமனார்: மூக்கைத் துடை. அலெக்சாந்தர் மேல ஒழுகுது.

மருமகள்: உங்க அத்தியாயத்தை உங்ககிட்டயே மறைச்சது தப்புதான். இருங்க, அதையே படிக்கிறேன். அப்புறம் நடக்கிறது நடக்கட்டும். ஆமா, கண்ணாடி எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சே, கடைக்காரன் என்ன சொல்றான்?

மாமனார்: இழுத்தடிக்கிறான். கடங்காரன்.

மருமகள்: நாளைக்கு நான் போய் ஒரு சத்தம் போடுறேன்.

மாமனார்: வேணாம் வேணாம்! நீ எதுக்கு அலையணும்... நானே பார்த்துக்குறேன். படி.

மருமகள்: இதோ... வந்துடுச்சு. படம்கூட இருக்கு மாமா. ஒரு பல்பு, ரெண்டு வயரு, ஒரு... மாமா?

மாமனார்: சொல்லு.

மருமகள்: படத்துக்குப் பக்கத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. ‘எர்த் வயர் எங்கடா?’

மாமனார்: பழைய புத்தகக் கடையில வாங்கினதுதானே. எவனாவது கிறுக்கியிருப்பான்.

மருமகள்: அந்த எவனாவது எலக்ட்ரீஷியனா?

மாமனார்: ஏன், உலகத்துல நான் ஒருத்தன்தானா எலக்ட்ரீஷியன்?

மருமகள்: கீழே சுவிட்ச் போர்டு வரைஞ்சு அம்புக்குறி வேற போட்டிருக்கான்.

மாமனார்: நல்ல வேலைக்காரன் போல.

மருமகள்: மாமா... உங்களுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுதுன்னுதானே சொன்னீங்க?

மாமனார்: எறும்புதான், எறும்புதான். போன் அடிக்குது பாரு.

மருமகள்: உங்க பெரிய மகன். மாமா, போகணும்னு இருந்தா போங்க. நான் அழுதேன்னு பார்க்காதீங்க. வாக்குன்னா வாக்குதானே...

மாமனார்: குடு இப்படி. ம், சொல்லுடா... நல்லாத்தான் இருக்கேன்... கார் எடுத்துட்டியா? எடுக்காதே, எடுக்காதே... முடியலடா. அதாவது, இந்தப் பாகம் முடியப் போகுது. ரெண்டாவது பாகம் இருக்கே... தடியா? தலைக்கு வச்சுத் தூங்கலாம், அவ்வளவு தடி... சேச்சே, உன்மேல எனக்கென்னடா கோபம்? பசங்களைக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை நீ வா... ஆமா, வாக்குக் குடுத்தேன், புத்தகம் முடிஞ்சதும் வர்றேன்னு. முடியட்டுமே... சரி, வை.

மருமகள்: மாமா.

மாமனார்: ம்.

மருமகள்: இந்தப் புத்தகத்துக்கு ரெண்டாவது பாகமே கிடையாது.

மாமனார்: எனக்குத் தெரியாதா? நீ வேலைக்குப் போனதும் உட்கார்ந்து ரெண்டு தடவை முழுசாப் படிச்சாச்சு. கண்ணாடி என் தலையணை உறைக்குள்ள இருக்கு, வந்து மூணு வாரம் ஆச்சு, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது... ஆனா நானே படிச்சா, ‘அப்புறம்?’னு நான் யாரைம்மா கேக்குறது?