பதினெட்டு நாள் லீவு

பதினெட்டு நாள் லீவு என்றால் கேட்பவர்களுக்கு நிறையத் தோன்றும். வரப் போக மூன்று நாள் விமானத்திலேயே போய்விடும். மீதிப் பதினைந்தில் ஒரு நாள் தூங்கிக் கழியும். நான் தான்சானியாவில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போனவர்தான். லீவு என்றால் என்னவென்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஊருக்கு வந்தது இது நான்காவது தடவை.

இன்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது என் தங்கை ரஞ்சிதா கொடுத்த புகார் விஷயமாக. ஆராயி அக்கா தப்பாக ஊட்டியதால்தான் அப்பா இறந்தார் என்று அதில் இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அதைத் திருத்த வேண்டும், சார். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

அப்பா செங்கோடனுக்கு எழுபத்தொரு வயது. ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ரஞ்சிதாவுக்கு சேலம் அஸ்தம்பட்டியில் டீச்சர் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். அடுத்த தெரு ஆராயி அக்காதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். நான்கு மாதம் படுத்தே கிடந்தவரின் முதுகில் ஒரு சின்னப் புண்கூட வரவிடவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வந்து இறங்கியதும் அப்பா இடது கையால் என் காதைத் தொட்டுப் பார்த்தார். அழுதார். அக்கா என்னிடம் கரண்டியைக் கொடுத்தார்.

"நீங்களே ஊட்டி உடுங்க தம்பி, மாமனுக்குச் சந்தோசமா இருக்கும். தண்ணி, டீ மட்டும் அப்படியே குடுத்துறாதீங்க. எதா இருந்தாலும் கூழாட்டம் கெட்டியாக் கரைச்சுத்தான் குடுக்கோணும். தண்ணியாக் குடுத்தா நெஞ்சுக்குள்ள போயிருமாமா. டாக்டரு ரெண்டு தடவ சொல்லீருக்கறாரு."

"சரிங்க்கா" என்றேன். எனக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்றாம் நாள் காரில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார். "நீங்க தைரியமா ஊருக்குப் போலாம். இப்படியே தேறுனா மாசி மாசம் கைத்தடி புடிச்சு வாசல் வரைக்கும் நடப்பாரு" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பும்போது அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அப்போதுதான் யோசித்தேன். எனக்கு அடுத்த லீவு குறைந்தது இரண்டு வருஷம் கழித்து. நடுவில் யாருக்கு என்ன ஆனாலும் அனுப்ப மாட்டேன் என்று முதலாளி சொல்லித்தான் விட்டிருந்தார். ஒரு தடவை பக்கவாதம் வந்தவர் இரண்டு வருஷம் இருப்பாரா? இருந்தாலும் நான் லீவில் வரும் நாளாகப் பார்த்தா போவார்?

ஆறு வருஷத்துக்கு முன் அம்மா போனபோது எங்கள் ரிக் ஒரு ஆற்றங்கரையில் சேற்றில் இறங்கி நின்றது. சுடுகாட்டை வீடியோ காலில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தவருக்குக் கை வலித்திருக்க வேண்டும், இறக்கிவிட்டார். கடைசி ஐந்து நிமிடம் நான் பார்த்தது யாருடையதோ இரண்டு கால்களை. பங்காளி தீர்த்தகிரி கொள்ளி வைத்தான். அடுத்த லீவில் வந்தபோது டீக்கடையில் ஒருவர், "தீர்த்தகிரிதானுங்க மகனாட்டம் நின்னு எல்லாஞ் செஞ்சாப்ல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் "ஆமாங்க" என்றேன்.

அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். எந்த மகனும் நினைப்பான்.

ஆராயி அக்கா மத்தியானம் ஒரு மணிக்குத் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார், இரண்டரைக்கு வருவார். ஐந்தாம் நாள் அந்த நேரத்தில் நான் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா டம்ளரையே பார்த்தார். நான்கு மாதமாகக் கூழையே விழுங்கியவர். தலையைத் தூக்கிப் பிடித்து அரை டம்ளர் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தார். கண்ணில் நீர் வரும்வரை இருமினார். துடைத்துவிட்டு, நெஞ்சை நீவிவிட்டேன். மறுநாள் முழு டம்ளர். அதற்கடுத்த நாளும். மறந்துபோய்க் கொடுத்தேன், பாசத்தில் கொடுத்தேன் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. அது எங்கே போகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. அக்கா அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"என்னமோ கரகரங்குதுங்க தம்பி. ஆசுபத்திரிக்குப் போயிறலாமா?"

"பனிக்கு அப்படித்தானுங்க்கா இருக்கும். ரெண்டு நாள் பாக்கலாம்."

நான் சொன்னால் அவர் மறுத்துப் பேச மாட்டார். ஒன்பதாம் நாள் சாயங்காலம், உதடு நீலமான பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தண்ணீராக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் கேட்க வேண்டும் என்றேன். பதினோராம் நாள் காலையில் அப்பா இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

எல்லாம் முறைப்படி நடந்தது. மொட்டை அடித்துக்கொண்டேன். நீர்க்குடம் சுமந்து மூன்று சுற்று வந்து, கொள்ளி வைத்தேன். தீர்த்தகிரி எனக்குப் பின்னால் நின்றான். பையன் வந்து முகம் பார்க்கும் வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கேட்க இதமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூன்றாம் நாள் கருமாதி முடிந்ததும் ரஞ்சிதா ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டாள். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தது என்று அதில் இருந்தது. கூடியிருந்தவர்கள் முன்னால் அக்காவைப் பார்த்து, "நாலு மாசமா ஊட்டுனவளுக்கு இதுகூடவா தெரியல?" என்று கேட்டாள். ரஞ்சிதா புகார் எழுதி நீட்டினாள். அந்த நேரத்தில் அவளை எதிர்த்துப் பேச முடியவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலையில் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அக்கா உங்களிடம் சொன்னது கேட்டது. "நாந்தானுங்க என்னமோ தப்புப் பண்ணீட்டனாட்ட இருக்குது. கூழு நீர்த்துப் போயிருச்சோ என்னமோங்க." அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். எனக்கு அநியாயம் ஆகாது, சார். அதனால்தான் எழுந்து உள்ளே வந்தேன். நாளைக்கு எனக்கு விமானம். இருந்தும் வந்தேன்.

அப்பா தடுக்கவே இல்லையா என்று கேட்கிறீர்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைசியாகக் கொடுத்தேன். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. தலையைத் தூக்கி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பலம் திரும்பியிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "வேண்டாஞ் சாமி" என்றார். நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் பேச்சு அதுதான்.

இப்படிக் கிடந்து வாழ்வது வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சமிருந்ததையும் கொடுத்தேன்.