விளக்கு ஏத்துற வேலை

நிறுத்து மேஸ்திரி, போதும். ரங்கூனு, எண்ணெய்க் கெணறு, கை நெறைய சம்பளம்... இதே வாயாலதான எங்க வூட்டுக்காரரையும் இட்டுக்கினு போன? எம் புள்ள வர மாட்டான். இங்கியே ஆம்பூரு தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில நின்னு காலு வெந்தாலும், சாயங்காலம் வூட்டுக்கு வந்துடறான். எனக்கு அது போதும்.

அன்னிக்கு இன்னா சொன்ன? விளக்கு ஏத்துற வேலைன்ன. நானும் முனிசிபாலிட்டி தெருவிளக்காட்டம்னு நெனச்சேன். அடப்பாவி! எண்ணெயோட சேந்து பூமியிலேர்ந்து ஒரு காத்து வருதாமே, நெருப்பு பட்டா பத்திக்கிற காத்து. அத்தக் குழாய் வழியா மேல வுட்டு ராவும் பகலும் வீணா எரிக்கிறானுங்க. மழையில அணைஞ்சிட்டா அது பள்ளத்துல தேங்கி நிக்குமாம், கண்ணுக்கே தெரியாதாம். அங்க போய் மூங்கி முனையில துணி சுத்தி நெருப்பு வெக்கணும். அதான உன் விளக்கு? வெச்சாரு. சுத்திலும் பத்திக்கிச்சு. கூட இருந்தவன் வந்து சொன்னான், பொதைக்கக் கூட ஒண்ணும் மிஞ்சலன்னு.

இன்னா? இப்ப ஜாஸ்தி எரிக்கிறது இல்லியா? காத்த பாய்லருக்குத் திருப்பிட்டானுங்களா? தெரியும்யா. அவரு உசுரோட இருந்தப்பவே கூலிக்காரங்க அத்தத்தான் கேட்டாங்க. வெறகும் மிச்சம், ஆளும் மிச்சம்னு. இரும்புக் குழாய்க்கு செலவாவும்னாங்க தொரைங்க. நாலு பேரு எரிஞ்சப்புறம் போட்டாங்க. சரி, பாய்லருக்குப் போனது போவ மிச்சக் காத்து? அது எரியுதில்ல? கம்மின்னா இல்லன்னு அர்த்தமா? அது அணைஞ்சா ஏத்துறதுக்கு ஆளு வேணும்னுதான நீ இங்க வந்து நிக்கற!

மொறைக்காத. கத்துவேன். தெருவே கேக்கட்டும். பக்கத்து வூட்டு ஹலீமா பீயும் கேக்கட்டும்.

அவ்ளோ நல்ல வேலைன்னா உம் புள்ள ஏகாம்பரத்த அனுப்பறது? இன்னாது, சின்னப் பையனா? மீசை மொளைச்சி எவ்ளோ நாளாச்சு! எம் புள்ளைய விட ஒரு வயசு பெரியவன்யா அவன்.

அவன் காலையில இங்க வந்தான். ஆமா, உம் புள்ளதான். சொல்லிட்டுப் போவ வந்தான். ஊரான் புள்ளைக்கெல்லாம் வாங்கித் தர்ற வேலைய அப்பா எனக்கு மட்டும் தர மாட்டேங்கறாருன்னு, வாணியம்பாடி மேஸ்திரிகிட்ட போய் ரேகை வெச்சிட்டானாம். கால்ல வுழாத கொறையா எல்லாத்தையும் சொன்னேன். சிரிக்கிறான். விளக்கு ஏத்துறதுதான அத்தை, எங்க அப்பா பொய் சொல்வாராங்கறான்.

ஏன் அப்படியே உக்காந்துட்ட? எழுந்திரு. மெட்ராஸ்ல கப்பல் நாளைக்குத்தானாம். ஓடு.