திறக்கக் கூடாத ஜாடிகள்

கண்ணாடி ஜாடி வாங்குகிறவர்கள் ஜாடியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூடியை. உட்புறத்து ரப்பர் வளையத்தை ஒரு சுற்றுத் தடவினால், அது காற்றை விடுமா விடாதா என்று விரலே சொல்லிவிடும். நான் கடையில் நின்று ஒவ்வொரு மூடியாகத் தடவிக்கொண்டிருந்தால் என் தங்கை வெட்கப்பட்டு நாலு கடை தள்ளிப் போய் நிற்பாள்.

நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். இதைச் சொல்லாமல் நடந்தது விளங்காது.

பைப்பில் வைத்துப் புகைக்கிற புகையிலையை வாங்கிய கையோடு பிடிக்கிறவர்கள் உண்டு. நாக்கைச் சுடும், பச்சை வாடை அடிக்கும். அதையே ஜாடியில் அடைத்து, வெளிச்சமும் சூடும் படாமல் பல வருடம் வைத்தால் கறுத்து, இனிப்பேறி, வேறொரு பொருளாகிவிடும். அதற்கு நாம் செய்ய வேண்டியது திறக்காமல் இருப்பது. ஆசைக்கு ஒரு தடவை திறந்து முகர்ந்தாலும் உள்ளே கூடிவந்தது கலைந்துபோகும். சும்மா இருப்பதுதான் வேலை. பலருக்கு அது வராது. எனக்கு வரும்.

என் புகையிலை ஜாடிகளை வைக்க வீட்டுக்கு அடியில் ஒரு சிற்றறை இருக்கிறது. படியிறங்கிப் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். சுவருக்கெல்லாம் தெர்மாகோல் ஒட்டினேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை அடித்தேன். பட்டை நன்றாக அழுந்துவதற்காக வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். விளக்கின் சுவிட்சும் வெளியேதான். எல்லாம் என் கையால் செய்தது.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கி வேலை போனதும் இருவரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தங்கை ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளை பகலெல்லாம் என்னோடு வீட்டில். கெட்ட மனிதர் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். வாய்தான் ஓயாது. நான் படியேறி வரும்போதெல்லாம் காத்திருந்து கேட்பார்.

“என்ன மச்சான், புள்ளைங்க எல்லாம் தூங்குதா?”

“தூங்குது மாப்ள.”

“ஒண்ண எழுப்பி ஊதிப் பாக்கலாமே?”

“இன்னும் ஆகல.”

“அது பழுக்கறதுக்குள்ள நீங்க உதிர்ந்துடுவீங்க போலிருக்கே.”

நானும் சிரிப்பேன். நெஞ்சு ஒத்துக்கொள்ளாமல் நான் பைப்பைத் தொட்டே பல வருடமாகிறது. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது தங்கையிடம் சொன்னார்: “உங்கண்ணனுக்கு அப்புறம் அத்தனையும் எனக்குத்தான். ஒரே வாரத்துல ஊதித் தள்ளிடறேன் பாரு.” தங்கை அவர் தோளில் ஓர் அடி போட்டு, “வாயக் கழுவுங்க மொதல்ல” என்றாள். மூவரும் சிரித்தோம். நான் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகுதான் மூடிகள் தளர்ந்திருப்பதைக் கண்டேன். அதுவும் பழைய ஜாடிகளாகப் பார்த்து. கேட்டபோது மறைக்கவில்லை. “வாசம்தான் பாத்தேன் மச்சான். மோந்து பாத்தா கொறஞ்சா போயிடும்?” பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடியும் திறந்தார்.

கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. கோபக்காரன் கத்துவான். நான் என்றைக்கும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

அன்று மத்தியானம் இறங்கிப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மாப்பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஜாடியை மூக்கருகில் பிடித்திருந்தார். கண்ணை மூடியிருந்தாரென்று நினைக்கிறேன். கதவைச் சாத்தினேன். திறந்து கிடந்தால் சாத்துவது என் கைப்பழக்கம். தாழ்ப்பாளைப் போட்டதும் அப்படித்தான். விளக்கை அணைத்தேன், வெளிச்சம் புகையிலைக்கு ஆகாது.

“மச்சான், வெளையாடாதீங்க,” என்று உள்ளே சிரித்தார். நல்ல சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து, “சரி, இனிமே தொடல. தெறங்க,” என்றார். இதையே முன்பும் சொல்லியிருக்கிறார். பிறகு கதவைத் தட்டத் தொடங்கினார். நான் மேலே வந்து டீ போட்டுக் குடித்தேன். தெர்மாகோல் நல்ல பொருள், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். அவளுக்கு மூட்டுவலி, படியிறங்க மாட்டாள்.

“அவரு எங்கண்ணா?”

“காலாற நடக்கப் போயிருப்பாரு.”

“போன இங்கயே விட்டுட்டா?”

“மறந்திருப்பாரும்மா.”

“செருப்பும் இங்கதான கெடக்கு?”

“அப்ப பக்கத்துலதான் எங்கயாவது இருப்பாரு.”

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து மூடி வைத்துவிட்டு, அவரைத் தேடித் தெருவில் இறங்கினாள். அப்போது நான் கீழே போய்க் கதவருகே நின்றேன்.

தட்டுவது நின்றிருந்தது. வேறொரு சத்தம் வந்தது. இறுகிய மூடி விடுபடும்போது ‘டொக்’ என்று ஒன்று கேட்கும், சின்னதாக. அதைத் தொடர்ந்து நீளமாக மூச்சிழுக்கும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ‘டொக்’. இருட்டில் தடவித் தடவி ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மூடிய ஜாடிக்குள் காற்று இருக்குமென்று நினைத்துவிட்டார். புகையிலையைப் பற்றித் தெரியாதவர்தான் அப்படி நினைப்பார். ஜாடியில் இருக்கும் நல்ல காற்றை எல்லாம் புகையிலை தின்று தீர்த்துவிடும். பழைய ஜாடிகளில் மூச்சுக்கு உதவுகிற மாதிரி எதுவும் மிச்சமிருக்காது. கதவு வழியாகவே சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை விளக்கியாயிற்று என்று விட்டுவிட்டேன். “மச்சான்” என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்காது. என்னைக் கூப்பிட்டது பழக்கத்தில்தான் இருக்கும்.

கடைசி மூடி வரை நின்று கேட்டேன். பிறகு மேலே போய், அழுதுகொண்டு திரும்பி வந்த தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் நான்தான், உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான். தாழ்ப்பாளைப் போட்டது, விளக்கை அணைத்தது, உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தும் திறக்காமல் நின்றது, எல்லாம் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வருத்தமில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா? முதல் மூடியின் சத்தம் கேட்டபோதே கதவைத் திறந்திருந்தால், மற்ற ஜாடிகளையாவது காப்பாற்றியிருக்கலாம்.