மின்மினி வீரனுக்குக் கோட்டு எதுக்கு?

— கோட்டு எதுக்கும்மா அவனுக்கு? இத்தனை வருஷமா கோட்டு இல்லாமத்தான ஊரைக் காப்பாத்தினான்?

— படி வருது. பாத்து இறங்குங்க.

— பாத்துத்தான் இறங்கறேன். மின்மினி வீரன்னா யாரு? சுரங்கத்துல கல்லு உடைக்கிறவன். அழுக்குப் பனியன், கழுத்துல ஒரு துண்டு, இருட்டினா உடம்பெல்லாம் வெளிச்சம். அவ்ளோதான். இவங்க புதுசா முதல்லேர்ந்து எடுக்கறோம்னு சொல்லி, அவனைப் பெரிய பணக்காரனாக்கி, கோட்டை மாட்டி, கண்ணாடி மாளிகையில உக்கார வெச்சிருக்காங்க.

— பழைய படம் மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? அன்னிக்கும் வழி நெடுக திட்டிக்கிட்டேதான வந்தீங்க.

— அன்னிக்குத் திட்டினது வேற. பழைய படத்துல கதை சொதப்பல், ஆனா ஆளு அவனேதான். இதுல கதை பரவாயில்ல. ஆளைத்தான் காணோம்.

— சரி... அந்தக் கோட்டு கறுப்புத்தான?

— கறுப்பா? பக்கத்துலதான உக்காந்திருந்த?

— எனக்குக் கறுப்பாத்தான் தெரிஞ்சுது.

— பச்சைம்மா அது. பாசிப் பச்சை. மஞ்சள்ல கறுப்பைத் தூக்கலா விட்டு, ஒரு சொட்டு நீலம் சேர்த்தா வருமே, அந்தப் பச்சை. விளக்கு மேல பட்டப்ப மட்டும்தான் தெரிஞ்சுது. நம்ம பெயிண்ட் கடைக்கு வந்து ஒருத்தர் அந்த நிறம் கேட்டா, நானே ரெண்டு தடவை கலக்கிப் பாத்துட்டுத்தான் டப்பாவை மூடுவேன்.

— ஓ...

— என்ன ஓ? சிரிக்கிற?

— சிரிக்கலையே. நீங்க சொல்லுங்க. வேற என்ன தப்பு?

— கேக்கறியா? கேட்டுட்டு அப்புறம் தலைவலின்னு சொல்லக் கூடாது.

— சொல்லல. இப்படி ஓரமா வாங்க, கூட்டம் இடிக்குது. ம், சொல்லுங்க.

— மின்மினிப் பூச்சிக்கு எத்தனை கால்?

— ஆறு.

— டீச்சர்னா டீச்சர்தான். அவன் நெஞ்சுல ஒரு பூச்சி படம் போட்டிருந்தாங்களே, அதுக்கு எத்தனை?

— நான் கவனிக்கலைங்க.

— நாலு. நாலே நாலு கால். பூச்சியா அது? நாற்காலி.

— எண்ணினீங்களா?

— எண்ணாம சொல்லுவேனா?

— இல்ல... அவ்ளோ பொடிசா இருந்துச்சே. அதான் கேட்டேன்.

— பொடிசா இருந்தா விட்டுடறதா? காமிக்ஸ்ல வரைஞ்ச மனுஷன் ஆறு காலையும் ஒவ்வொரு இதழ்லயும் ஒழுங்கா வரைஞ்சிருக்கார். அப்புறம் அந்த வில்லன். மோதிரம் முதல்ல இடது கையில இருந்துச்சு. பாலத்து மேல சண்டை போடறப்ப வலது கைக்குப் போயிடுச்சு. மறுபடி கீழ விழறப்ப இடது கை. சண்டைக்கு நடுவுல கழட்டிக் கழட்டி மாட்டுவானா ஒருத்தன்?

— கல்லு வெச்ச மோதிரமா?

— சிவப்புக் கல்லு. ஒரு பக்கம் லேசா உடைஞ்சிருந்துச்சு. அதுவும் கதையில இல்ல, வாடகைக்கு எடுத்த எடத்துல உடைஞ்சிருக்கும்... என்ன, நின்னுட்ட?

— செருப்பு வார். ஒரு நிமிஷம்.

— வார் நல்லாத்தான இருக்கு.

— சரி பண்ணிட்டேன். நடங்க.

— இதுக்கா இவ்வளவு பிடிவாதமா டிக்கெட் எடுத்த? நான்தான் அப்பவே சொன்னேனே, பழசைத் திரும்ப எடுக்கறேன்னு வந்தாலே பாழாக்கிடுவாங்க, நான் வரலைன்னு.

— பிடிச்ச மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?

— ம்... ஒண்ணு இருந்துச்சு.

— எது?

— அவனுக்கு உடம்புல வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி சுரங்கம் இடிஞ்சு விழுதே, அது. திரை முழுக்க இருட்டு, அவன் மட்டும் நிழல் மாதிரி. அவன் கையைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா கொண்டு வர்றான். கை இருக்கு, ஆனா அவனுக்குத் தெரியல. கத்தாம, அழாம, கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான் பாரு... காமிக்ஸ்ல அதுக்கு ஒரே ஒரு கட்டம்தான். முழுக்கக் கறுப்பு மை. சின்ன வயசுலேர்ந்து அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிட்டுப் போயிருக்கேன்.

— இப்ப?

— இப்ப... அந்த ஒரு காட்சிக்காக மத்ததெல்லாம் மன்னிச்சுடலாம். கோட்டை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

— இடைவேளையில எங்க போனீங்க? ரொம்ப நேரமா ஆளைக் காணோம். நான் எழுந்து தேட வர இருந்தேன்.

— போஸ்டர் கிட்ட நின்னேன்.

— அங்க என்ன?

— அடியில பேரெல்லாம் போட்டிருப்பாங்களே, எறும்பு மாதிரி எழுத்துல. அதைப் படிச்சிட்டிருந்தேன்.

— முழுசாவா?

— விளக்குப் பிடிச்சவர், தலைக்குச் சாயம் போட்டவர், எல்லாரையும். கோட்டு தைச்சது யாருன்னும் பாத்து வெச்சிருக்கேன்... என்ன, செருமற?

— தொண்டையில தூசி.

— தூசி தொண்டையிலதான? கண்ணை எதுக்குத் துடைக்கிற?

— அங்க பாருங்க, ஒரு பஸ் வருது. நம்மளுதா?

— இல்ல. ஆஸ்பத்திரி வழியா போறது... இரு இரு. என்ன நடக்குது இங்க? கோட்டு என்ன கலர், பூச்சி எவ்ளோ பொடிசு, மோதிரத்துல கல்லு உண்டா, பஸ் நம்மளுதா. வாத்தியாரம்மா எனக்குப் பரீட்சை வைக்கிறாங்களா?

— அப்படியெல்லாம் இல்லைங்க.

— இல்லையா?

— ... ஆமா. வெச்சேன்.

— டிக்கெட் எடுத்ததும் இதுக்குத்தானா?

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? புதுக் கண்ணாடி வாங்கி நாலு நாளாச்சு. பெட்டியைத் திறக்கவே இல்ல நீங்க. சட்டைப் பையில வெச்சுக்கிட்டே திரிஞ்சீங்க. கேட்டா, அப்புறம் அப்புறம்னு சொன்னீங்க. மின்மினி வீரனுக்காகவாவது மாட்டுவீங்கன்னு நெனச்சேன்.

— விளக்கு அணைஞ்சப்புறம்தான் மாட்டினேன்.

— தெரியும்.

— போட்டும் தெரியலைன்னா... அந்த நேரத்துல என் மூஞ்சியை நீ பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு.

— ஏன் அப்படி நெனச்சீங்க? தெரியலைன்னா வேற கண்ணாடி மாத்தித் தருவாங்கன்னுதான நான் சொல்லியிருந்தேன்?

— நீ சொன்ன. டாக்டர் உன்கிட்ட அப்படியா சொன்னார்?

— உங்களுக்கு யார் சொன்னா?

— அன்னிக்கு நான் வெளியில பெஞ்சில உக்காந்திருந்தேன். கதவு சரியா சாத்தல. வலது கண்ணு சின்ன வயசுலேர்ந்தே சோம்பல் கண்ணு, சரியாத் தெரியாது, இருந்தது இடது ஒண்ணுதான். அதுலயும் விழித்திரை கழண்டு ஒட்ட வெச்சாச்சு. இந்தக் கண்ணாடிக்கு மேல செய்ய ஒண்ணும் இல்ல, இதுல வர்றது வரும், வராதது வராது, வீட்டுல இருந்தே செய்யற மாதிரி அவருக்கு ஏதாவது பழக்கி விடுங்கன்னார்.

— எல்லாத்தையும் கேட்டீங்களா...

— கேட்டேன். நீ வெளிய வந்து, எல்லாம் சரியாயிடும்னார்னு சொன்ன. குரல்கூட நடுங்கல. நானும் சரின்னு தலையாட்டினேன்.

— இத்தனை நாளா சொல்லவே இல்லையே.

— நீ மறைக்க அவ்ளோ பாடுபட்ட. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.

— பெரிய தியாகிதான். நீங்க மட்டும் எதையும் மறைக்கலையா? தினமும் மடியில காமிக்ஸை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே.

— படிச்சிட்டிருந்தேன்.

— என்கிட்டயேவா? ஒரு நாள் புத்தகம் தலைகீழா இருந்துச்சு.

— தலைகீழாவா? நெசமாவா?

— நெசமா. அதை வெச்சுக்கிட்டு நடுவுல ஒரு சிரிப்பு வேற.

— கதை மனப்பாடம்மா. எந்தப் பக்கத்துல சிரிக்கணும்னு தெரியும்... நீ ஏன் சொல்லல?

— சொல்லிட்டு? அடுக்களைக்குப் போய் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

— குழாய் அடிக்கடி ஓடுச்சு. பாத்திரம் நிறைய போலன்னு நெனச்சேன்.

— நாளைக்கு டாக்டர் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லுவார். இன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டா, நல்லதோ கெட்டதோ, நாளைக்கு அங்க அழாம உக்காந்திருக்கலாம்னு பாத்தேன்.

— நாளைக்கு அவர் அட்டையைப் படிச்சுட்டு, அப்படியே பூச்சியோட காலைப் பத்தியும் சொல்லிட்டு வர்றேன்.

— கடை முதலாளிக்கு யார் சொல்றது?

— நானே போறேன். திங்கக்கிழமை. என் எடத்துல இருக்கற பையன் எல்லா வெள்ளையையும் ஒரே வெள்ளையாக் கலக்கறானாம்.

— மெதுவா. டாக்டர் சொல்லட்டும் முதல்ல.

— சரிங்க டீச்சர்.

— இப்பத்தான் மூச்சே விட முடியுதுங்க. படம் எவ்ளோ மட்டமா இருந்தாலும், எடுத்தவங்க நல்லா இருக்கணும்.

— அது சரி. உனக்குப் படம் எப்படி இருந்துச்சு? நீ ஒரு வார்த்தையும் சொல்லலையே.

— நல்லா... நல்லாத்தான் இருந்துச்சு.

— வில்லன் எப்படிச் செத்தான்?

— பாலத்துலேர்ந்து விழுந்துதான?

— அவன் சாகவே இல்ல. கடைசியில மின்மினி வீரன் அவனைத் தூக்கிக்கிட்டு வெளிய வர்றான்.

— அப்ப நான் கொஞ்சம் கண்ணசந்திருப்பேன்.

— எங்க அசந்த? படம் பூரா என் மூஞ்சியைத்தான பாத்துட்டு உக்காந்திருந்த?

— அந்த இருட்டுல... உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நானும் அடிக்கடி ஓரக்கண்ணால உன்னைத்தான் பாத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு உன் குரலும் வளையல் சத்தமும்தான் இருந்துச்சு, மூஞ்சி இருக்கற எடத்துல வெறும் புகை. தெரியுது தெரியுதுன்னு சொன்னதெல்லாம் பொய். இன்னிக்குத்தான் பாத்தேன்... ரொம்ப இளைச்சுப் போயிட்ட.